பிரேம் எங்கே முறிகிறது

டவுன்ஹில் சைக்கிளின் பிரேம் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. பல ஆயிரம் அடிகளைத் தாங்கிவிட்டு, அவற்றைவிடப் பெரிதென்று சொல்ல முடியாத ஓர் அடியில் முறிகிறது. முறியும் இடத்தையும் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: முன் ஃபோர்க் பொருந்தும் ஹெட் டியூபின் அடிப்புறம், பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. ஷெல்லைச் சுற்றிய வெல்டிங், பின்சக்கரக் கைகள் சுழலும் பிவட், ஷாக் அப்சார்பர் பூட்டப்படும் காது. எஃகா, அலுமினியமா, கார்பனா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் மட்டும் பிரேமின் ஆயுள் தெரிந்துவிடாது. அந்தப் பொருள் எந்த இடத்தில், எவ்வளவு கனத்தில், எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, முறிவதற்கு முன் அறிகுறி காட்டுமா என்பவையும் தெரிய வேண்டும்.

மலைச் சைக்கிள் பந்தயங்களில் இறக்கத்துக்கென்றே உள்ள பிரிவு டவுன்ஹில். உச்சிக்கு வண்டியிலோ ரோப் காரிலோ போய்விட்டு, பாறையும் வேரும் படிக்கட்டு போன்ற பள்ளங்களும் நிறைந்த பாதையில் சில நிமிடங்களில் இறங்கி முடிப்பார்கள். அதற்கான சைக்கிளில் முன்னும் பின்னும் சுமார் 200 மி.மீ. சஸ்பென்ஷன் இருக்கும், மொத்த எடை 15 முதல் 18 கி.கி. வரை வரும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே 'ரீபேக்' என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் பழைய ஷ்வின் சைக்கிள்களை ஓட்டிப் போட்டியிட்டவர்களிடமிருந்து இந்த விளையாட்டு வளர்ந்தது. அந்தப் பிரேம்கள் தாக்குப்பிடிக்காததால், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் குரோமோலி எஃகுக் குழாயில் புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். ஹெட் டியூபிலிருந்து பின்சக்கர அச்சு வரை இரண்டு மெல்லிய குழாய்கள் பக்கத்துக்கொன்றாக ஓடி அந்தப் பிரேமுக்கு வலுவூட்டின. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் டவுன்ஹில் போட்டி 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்தது. இந்தியாவில், ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது.

அம்பத்தூர், ஆவடி: குழாயும் பிரேமும்

சென்னையின் மேற்குப் புறநகரில் டவுன்ஹில் ஓட்டத் தக்க மலை கிடையாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே ஏரிகள் நிறைந்த சமவெளி. மேடு என்று இருப்பது ஏரிக்கரையும் மேம்பாலமும்தான். ஆனால் இந்தியர்கள் ஓட்டிய சைக்கிள் பிரேம்களில் பெரும்பங்கு இந்தச் சமவெளியிலிருந்து போனது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாக 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தயாரித்தது. அவற்றுக்கு வேண்டிய குழாய்களை உள்ளூரிலேயே செய்ய 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. இங்கிலாந்துத் தாய் நிறுவனத்துக்குக் குழாய்க் கலையில் நெடிய மரபு உண்டு. நடுவில் மெல்லியதாகவும் முனைகளில் தடித்ததாகவும் இழுக்கப்படும் 'பட்டட்' குழாய்க்கு 1897இல் காப்புரிமை பெற்ற பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் குடும்பத் தொழில், 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில்தான் இருந்தது.

சைக்கிள் குழாய் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. எஃகுத் தகட்டுச் சுருள் நீளவாக்கில் பட்டைகளாகக் கீறப்படும். பட்டை வரிசையான உருளைகளுக்கிடையே ஓடி வட்டமாக வளையும். சந்திக்கும் இரு ஓரங்களும் மின்தடை வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது இ.ஆர்.டபிள்யூ. குழாய். இதையே உள்ளே ஒரு தண்டும் வெளியே ஓர் அச்சும் வைத்துக் குளிர்நிலையில் இழுத்தால் சுவர் மெலியும், அளவு துல்லியமாகும், எஃகின் வலிமையும் கூடும். அது சி.டி.டபிள்யூ. குழாய். மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் இந்த வகைக் குழாயில்தான் செய்யப்படுகின்றன. சைக்கிளுக்கும் ரிக்‌ஷாவுக்குமான எஃகுக் குழாய்க்கு ஐ.எஸ். 2039 என்றும், சைக்கிள் பிரேமுக்கு ஐ.எஸ். 623 என்றும் இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன.

பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் குழாய்கள் லக் எனப்படும் எஃகு மூட்டுகளில் செருகப்பட்டு, பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவை. பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகிக் குழாய்க்கும் லக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் பரவுகிறது. எஃகு உருகுவது 1,500 டிகிரியை ஒட்டி என்பதால் குழாயின் சுவர் கரைவதில்லை. தெருமுனைப் பட்டறையிலும் பித்தளைக் கம்பியும் வெண்காரமும் கேஸ் சுடரும் வைத்து இதே வேலை நடக்கிறது. பால் கேனும் தண்ணீர்க் குடமும் இளநீர்க் குலையும் ஏற்றுபவர்களுக்காக மேல் குழாய் இரண்டாகப் போடப்பட்ட 'டபுள் பார்' சைக்கிளும் விற்பனைக்கு வந்தது. 20 கி.கி. அளவிலான இந்த வண்டி தன் எடையைப் போல் பல மடங்கு சுமந்து பத்தாண்டுக் கணக்கில் ஓடுவதால், எஃகு பிரேம் முறியாது என்ற நம்பிக்கை ஊரில் நிலைத்திருக்கிறது. உண்மையில் ரோட்ஸ்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அசையாச் சுமை. டவுன்ஹில் பிரேமுக்குக் கிடைப்பது மோதல்.

மோதலின் கணக்கு

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கி.கி. என்று கொள்ளலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும்போது சேரும் ஆற்றல் ஏறக்குறைய 880 ஜூல். தரையைத் தொடும் வேகம் மணிக்கு 16 கி.மீ. இந்த ஆற்றல் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே விசை அமைகிறது. சஸ்பென்ஷன், டயர், மடங்கும் கைகால்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டர் இடம் கொடுத்தால் சராசரி விசை சுமார் 2,600 நியூட்டன். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில், முழங்கால் மடக்காமல், டயரின் 3 சென்டிமீட்டரில் மட்டும் நின்றால் அது 30,000 நியூட்டனாகிவிடும். பிரேமின் முதல் பாதுகாப்பு அதன் உலோகத்தில் இல்லை. சஸ்பென்ஷனிலும் ஓட்டுபவரின் முழங்காலிலும் இருக்கிறது.

ஆனால் சஸ்பென்ஷன் விசையைக் குறைத்தாலும் ஓரிடத்தில் குவிக்கவும் செய்கிறது. பின்சக்கரம் 200 மி.மீ. மேலேறும்போது ஷாக் அப்சார்பர் 75 மி.மீ. மட்டும் அமுங்கும் வடிவமைப்பில், நெம்புகோல் விகிதம் சுமார் 2.7. சக்கரத்தில் 2,500 நியூட்டன் என்றால் ஷாக்கைப் பிடிக்கும் காதில் 6,700 நியூட்டன். அந்தக் காது ஓர் ஆள் விரல் அகலமே உள்ள உலோகத் துண்டு.

முன்புறத்தில் ஃபோர்க் ஒரு நீண்ட நெம்புகோல். சக்கர அச்சிலிருந்து ஹெட் டியூப் வரை அதன் நீளம் சுமார் 58 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு பாறையில் முட்டிப் பின்னோக்கி 1,200 நியூட்டன் விசை கிடைத்தால், ஹெட் டியூபின் அடியில் ஏறக்குறைய 700 நியூட்டன் மீட்டர் திருப்பம் விழும். அதை 11 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பேரிங்குகள் பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் விழுவது 6,000 நியூட்டனுக்கு மேல். ஹெட் டியூபும் கீழ்க் குழாயும் சேரும் மூலையில் விரிசல் விழுவதற்கு இதுவே காரணம். சமசாலையில் ஓடும் சைக்கிளிலும் இதே மூலை விரியக்கூடும். மலையில் அது விரைவாக நடக்கும்.

உலோகச் சோர்வு

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். கண்ணுக்கு எந்த வளைவும் தெரியாத அளவு சிறிய சுமைகளும் எண்ணிக்கை பெருகினால் இதையே செய்யும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணம் புரியாமல் முறிந்தபோது, ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளை இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, தகைவு (பரப்பலகின் மேல் விழும் விசை) கூடக் கூட அவை தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைவதை வரைபடமாக்கினார். இன்றைய பிரேம் வடிவமைப்பும் அந்த வரைபடத்தின் மேல்தான் நிற்கிறது.

அதிலிருந்து தெரியும் முக்கியமான செய்தி, எஃகுக்கு ஒரு தாங்கு வரம்பு உண்டு என்பது. அந்த வரம்புக்குக் கீழே தகைவு இருந்தால், பளபளப்பாகத் தேய்த்த எஃகுத் துண்டு எண்ணற்ற சுற்றுகளைத் தாங்கும். வரம்பு அதன் இழுவலிமையில் ஏறக்குறைய பாதி. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. எவ்வளவு சிறிய தகைவும் போதிய எண்ணிக்கையில் வந்தால் ஒருநாள் முறிக்கும். பிரேம்களில் பரவலாகப் பயன்படும் 6061-டி6 அலுமினியத்தின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். 50 கோடி சுற்றுகளுக்கு அது தாங்கும் தகைவு 97 மெகாபாஸ்கல் அளவே.

இதைக் கொண்டு எஃகு பிரேம் நிரந்தரம் என்றும் அலுமினிய பிரேமுக்கு நாள் குறிக்கப்பட்டது என்றும் முடிவு கட்டுவது சரியல்ல. தாங்கு வரம்பு தேய்த்த மாதிரித் துண்டுக்கு உரியது. வெல்டிங் செய்த இணைப்பில் அது வெகுவாக இறங்கிவிடும். துருப்பிடித்த பரப்பில் வரம்பே மறைந்துவிடும். இடையிடையே வரும் பெரிய அடிகளும் அதைக் குலைக்கும். மறுபுறம், சோர்வைக் கணக்கில் கொண்டு தடிமனும் விட்டமும் கூட்டப்பட்ட அலுமினிய பிரேமில் தகைவே குறைந்துவிடுவதால், அதன் ஆயுள் ஓட்டுபவரின் தேவைக்கு மேலேயே இருக்கும்.

எண்ணிக்கை எவ்வளவு விரைவாக ஏறும் என்பதையும் கணக்கிடலாம். இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் மீட்டருக்கு ஓர் அடி என்று வைத்தால், ஒரு முறை இறங்க 2,000 அடிகள்; ஐம்பது முறை இறங்கினால் ஒரு லட்சம். வெல்டு இணைப்புகளுக்கான வடிவமைப்பு விதிகளின்படி தகைவு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கனமான ஓட்டுநரோ, காற்றழுத்தம் குறைந்து அடிக்கடி அடிமுட்டும் ஷாக்கோ, பிரேமின் ஆயுளைச் சிறிதளவு குறைப்பதோடு நிற்பதில்லை. பல மடங்கு சுருக்கிவிடும்.

சோர்வால் முறிந்த குழாயின் முகத்தைப் பார்த்தால் இந்த வரலாறு அதில் எழுதியிருக்கும். ஒரு சிறு புள்ளியில், பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில், விரிசல் தொடங்கியிருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து சிப்பியின் முதுகில் உள்ளவை போன்ற மெல்லிய வளைகோடுகள் விரியும். வழவழப்பான அந்தப் பகுதிதான் மெல்ல வளர்ந்த விரிசல்; ஈரம் புகுந்திருந்தால் எஃகில் அது பழுப்பேறியிருக்கும். மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிய உலோகத்தின் பளபளப்போடு இருக்கும். கடைசி அடியில் ஒரேயடியாகக் கிழிந்தது அந்தப் பகுதி மட்டுமே. வழவழப்பான பரப்பு பெரிதாக இருந்தால், விரிசல் நெடுநாளாக இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

நான்கு பொருள்கள்

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்; வளைய மறுக்கும் தன்மையைக் குறிக்கும் யங் குணகம் சுமார் 205 ஜிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு இவை 2.7, 69. டைட்டானியத்துக்கு 4.5, ஏறக்குறைய 107. எடைக்கு இவ்வளவு விறைப்பு என்று வகுத்துப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் அலுமினிய பிரேம் எப்படி எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்கிறது? விடை குழாயின் விட்டத்தில் இருக்கிறது. சுவரின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால் எடை இரண்டு மடங்காகும். வளைவு விறைப்போ எட்டு மடங்காகும். எஃகில் அப்படி விட்டத்தைப் பெருக்கி எடையை ஈடுகட்டச் சுவரை மெலிதாக்கினால், தகர டப்பாவைப் போல நசுங்கும் அளவுக்கு அது மெலிந்துவிடும். அடர்த்தி குறைந்த அலுமினியத்தில் பருத்த குழாய்க்கும் போதிய சுவர்க் கனம் கொடுக்க முடியும். ரோட்ஸ்டரின் கீழ்க் குழாய் 28.6 மி.மீ. விட்டத்தில் இருக்க, டவுன்ஹில் அலுமினிய பிரேமின் கீழ்க் குழாய் 50 மி.மீ. தாண்டிப் பருத்திருப்பது இதனால்தான்.

எஃகு: சாதா மைல்டு ஸ்டீலின் இழுவலிமை சுமார் 400 மெகாபாஸ்கல். 0.3 சதவீதக் கார்பனோடு ஒரு சதவீத அளவில் குரோமியமும் சிறிது மாலிப்டினமும் சேர்ந்த 4130 குரோமோலிக்கு 670 மெகாபாஸ்கல். வலிமை கூடுவதால் சுவரை மெலிதாக்கலாம். ஆனால் யங் குணகம் மாறாததால் விறைப்பு கூடாது. எஃகு முறிவதற்கு முன் வளைந்து காட்டும், விரிசல் மெல்ல வளரும், எந்த ஊரிலும் வெல்ட் அடிக்கலாம். நீண்ட சஸ்பென்ஷன் கைகளை எஃகில் செய்தால் எடை ஏறிவிடும் என்பதால் டவுன்ஹில் பந்தயத்தில் அது அரிதாகிவிட்டது.

அலுமினியம்: 6061 கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து, சூடேற்றலால் நுண்துகள்களாகப் படிந்து வலிமை தருகின்றன. ஆர்கான் வெல்டிங்கின் வெப்பம் அந்தத் துகள்களைக் கரைத்தும் பெரிதாக்கியும் விடுவதால், வெல்டிங்கை ஒட்டிய பட்டையில் வலிமை ஏறக்குறைய பாதியாகிறது. ஆகவே வெல்ட் செய்து முடித்த பிரேம் முழுவதையும் 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, கோணல் நிமிர்த்தி, பிறகு சுமார் 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். துத்தநாகம் சேர்ந்த 7005 கலவைக்கு அந்த முதல் உயர்சூடு தேவையில்லை. மிதமான சூட்டில் வைத்தெடுத்தால் போதும். இந்தச் சூடேற்றல் சரியாக நடந்ததா என்பதை வண்ணப்பூச்சுக்கு மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே வடிவம், ஒரே கலவை கொண்ட இரண்டு பிரேம்களின் ஆயுள் வேறுபடுவதற்கு அடுப்பின் வெப்பநிலை காரணமாக இருக்கலாம்.

டைட்டானியம்: துருப்பிடிக்காது, தாங்கு வரம்பும் நன்று. ஆனால் சிவக்கக் காய்ந்த நிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்குதன்மை பெறும். எனவே குழாயின் வெளிப்புறத்தோடு உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்பித்தான் வெல்ட் செய்ய வேண்டும். விலையும் இந்த வேலையும் சேர்ந்து, டவுன்ஹில் பிரேம் முழுவதையும் டைட்டானியத்தில் செய்வதை அரிதாக்கிவிட்டன. பிரிட்டனின் ஏதர்டன் பைக்ஸ் வேறு வழியில் போனது: டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி அச்சிட்ட மூட்டுகளில் கார்பன் குழாய்களை ஒட்டுகிறது. பழைய லக்கின் கொள்கைதான் இதிலும். பித்தளையின் இடத்தில் பசை வந்திருக்கிறது.

கார்பன்: இது உலோகமல்ல, நாரும் பிசினும் சேர்ந்த அடுக்கு. நார்களின் திசையில் விறைப்பு சுமார் 130 ஜிகாபாஸ்கல். குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த இடத்தில் எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்யலாம் என்பதே இதன் பலம். ஹெட் டியூபில் தடிப்பும் குழாயின் நடுவில் மெலிவும் கொடுக்க வெல்டிங் தேவையில்லை. வெல்டிங் இல்லாததால் உலோகத்தைச் சோர்வடையச் செய்யும் பலவீனப் பட்டையும் இல்லை. நல்ல கார்பன் அடுக்கு சோர்வை உலோகங்களைவிட நன்றாகத் தாங்கும். அது பயப்படுவது குறுக்கே விழும் கூர்மையான அடிக்கு. முன்சக்கரம் வாரி எறியும் கல் கீழ்க் குழாயின் அடியில் பட்டால், வெளியே ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். டவுன்ஹில் கார்பன் பிரேம்களின் அடிவயிற்றில் ரப்பர் கவசம் ஒட்டப்படுவது இதற்காகத்தான். சமசாலைக்கான கார்பன் சைக்கிள் அம்பத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல, டி.ஐ. சைக்கிள்ஸ் 2011இல் மோன்ட்ரா என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பந்தயத்தின் முடிவுகள் எந்தப் பொருளுக்கும் முழு வெற்றி தரவில்லை. கிரெக் மினார் 2012, 2013 உலகச் சாம்பியன் பட்டங்களைச் சான்டா குரூஸ் வி10 கார்பன் பிரேமில் வென்றார். 2019இல் லொயிக் புருனி வென்றது ஸ்பெஷலைஸ்டு டெமோவின் அலுமினிய பிரேமில். அன்டோராவின் கொமென்சால் நிறுவனம் அலுமினியத்திலேயே நின்று உலகக் கோப்பைகளை வென்றிருக்கிறது.

இணைப்பு என்ற பலவீனம்

பிரேமில் விரிசல் குழாயின் நடுவில் தொடங்குவது அபூர்வம். வெல்டிங்கின் ஓரத்தில் மூன்று தீமைகள் ஒன்றுசேர்கின்றன: வடிவம் திடீரென மாறுவதால் தகைவு குவிகிறது, குளிரும்போது சுருங்கிய உலோகம் உள்ளுக்குள் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது, சூடு பட்ட பட்டையின் நுண்ணமைப்பு மாறியிருக்கிறது. இதனால் தரமான பிரேமில் குழாயின் முனைகள் தடித்ததாகவும் நடு மெலிந்ததாகவும் இருக்கும். அலுமினியத்தில் ஹெட் டியூபும் பிவட் இருக்கைகளும் அச்சடித்துக் கடைந்த துண்டுகளாக இருக்கும். வெல்டிங் கோடு தகைவு மிகுந்த மூலையிலிருந்து சற்றுத் தள்ளி விழுமாறும் குழாய்கள் வளைத்து வடிவமைக்கப்படும்.

ஹெட் டியூபின் அடியில் முக்கோணத் தகடு வைத்து வெல்ட் அடிப்பது பட்டறைகளில் வழக்கமான வலுவூட்டல். அது எப்போதும் பலன் தருவதில்லை. தடித்த தகடு குழாயின் நடுவில் திடீரென முடிந்தால், விரிசல் மூலையை விட்டு அந்தத் தகட்டின் நுனிக்கு இடம்பெயரும். அங்கே குழாய் இன்னும் மெல்லியது. தகட்டின் முனையை மீன்வாய் போலப் பிளந்து மெலிதாக்கி, நுனியில் குறுக்கு வெல்டிங் விழாமல் பார்த்துக்கொண்டால்தான் சுமை படிப்படியாகக் குழாய்க்குள் இறங்கும்.

சோதனைகள்

உலக அளவில் சைக்கிள் பாதுகாப்புக்கான தர நிர்ணயம் ஐ.எஸ்.ஓ. 4210. மலைச் சைக்கிள் பிரேமுக்கு அதில் உள்ள சோதனைகள் கடுமையானவை. பெடல்களில் மாறி மாறி 1,200 நியூட்டன் விசையை ஒரு லட்சம் முறை கொடுக்க வேண்டும். முன் அச்சை முன்னோக்கி 1,200, பின்னோக்கி 600 நியூட்டன் விசையில் 50,000 முறை அசைக்க வேண்டும். இருக்கையில் செங்குத்தாக 1,200 நியூட்டனை 50,000 முறை இறக்க வேண்டும். 22.5 கி.கி. எடையை 36 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடும் மோதல் சோதனையும் உண்டு. நகரச் சைக்கிளுக்கு அந்த உயரம் பாதிதான். எங்கும் விரிசல் தெரியக் கூடாது.

ஆனால் இதே தர நிர்ணயம், அங்கீகரிக்கப்பட்ட பந்தயங்களுக்கும் சாகசங்களுக்கும் உரிய சைக்கிள்களைத் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது. டவுன்ஹில் அந்த எல்லைக்கு வெளியே விழுவதால், நிறுவனங்கள் தாங்களே வகுத்த கூடுதல் சோதனைகளை நம்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 வகைப்பாடு வாங்குபவருக்கு இங்கே உதவும். அதில் நான்காம் வகை சுமார் 1.2 மீட்டர் வரை குதிப்பதற்கானது; ஐந்தாம் வகை அதற்கு மேலும், கரடுமுரடான இறக்கத்தில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேலும் போவதற்கானது. டவுன்ஹில் பிரேம் ஐந்தாம் வகையில் இருக்க வேண்டும். பல பிரேம்களில் இந்த எண் ஒட்டியிருக்கும் அல்லது கையேட்டில் அச்சாகியிருக்கும். கடைகளில் 'எம்.டி.பி.' என்ற பெயரோடு, பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்து விற்கப்படும் மலிவான எஃகு சைக்கிள்கள் தோற்றத்தில் மலைச் சைக்கிளைப் போல இருந்தாலும் இந்த வகையில் சேராதவை. பள்ளிக்கும் பஜாருக்கும் அவை போதும். ஏலகிரியின் ஒற்றையடிப் பாதைக்குப் போதாது.

ஈரமும் வியர்வையும்

சென்னைப் புறநகரின் காற்று ஆண்டின் பெரும்பகுதி ஈரமானது. வடகிழக்குப் பருவமழையில் சைக்கிள் நனையாமல் இருக்காது. எஃகு பிரேம் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளிருந்து அரிக்கப்படும். சீட் டியூபின் வழியே இறங்கும் தண்ணீர் பி.பி. ஷெல்லில் தேங்குகிறது, அங்குள்ள வடிகால் துளை அடைத்துப்போனால் அரிப்பு விரைவாகும். சோர்வு முறிவு எங்கே தொடங்குமோ அதே இடத்தில் துருவும் தொடங்குவதால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். மழைக்குப் பிறகு சீட் போஸ்ட்டைக் கழற்றி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதும், ஆண்டுக்கொரு முறை குழாய்க்குள் துரு தடுப்பு எண்ணெய் பூசுவதும் இதைத் தடுக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்றாலும், உப்பு வியர்வை படும் இடத்தில் எஃகு போல்ட்டையோ கார்பனையோ தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்புக்கு ஆளாகும். கார்பன் பிரேமில் பதிக்கப்படும் அலுமினியத் துண்டுகளைச் சுற்றி ஒரு கண்ணாடி நார் அடுக்கு கொடுக்கப்படுவது இரண்டும் நேரடியாகத் தொடாமல் இருக்கவே. சீட் போஸ்ட்டிலும் பிவட் போல்ட்டுகளிலும் கிரீஸ் தடவுவதும் அதே நோக்கத்துக்குத்தான்.

விரிசலைக் கண்டுபிடித்தல்

பிரேமைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் வெல்டிங் ஓரங்களை விரலாலும் கண்ணாலும் தடவிப் பார்ப்பதே முதல் சோதனை. எஃகில் விரிசல் வண்ணப்பூச்சின் மேல் பழுப்புக் கோடாகக் கசியும். அலுமினியத்தில் மெல்லிய கருங்கோடாகவோ பெயின்ட் சுருக்கமாகவோ தெரியும். பேரிங்கை மாற்றியும் நீங்காத கீச்சொலியும் ஓர் அறிகுறி.

சந்தேகம் இருந்தால் தொழிற்சாலைகளில் வழக்கமான டை பெனட்ரன்ட் சோதனை செய்யலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு அது பழக்கமானது. அந்த இடத்தில் பெயின்ட்டை நீக்கி, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத் திரவத்தைத் தெளிக்கிறார்கள். சில நிமிடங்களில் அது விரிசலுக்குள் இறங்கும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் இருக்கும் சாயம் மேலே ஊறி, வெள்ளைப் பரப்பில் தலைமயிர் அளவு சிவப்புக் கோடாக எழும். உலோக பிரேம்களுக்கே இது பொருந்தும். கார்பனில் நாணயத்தால் தட்டிக் கேட்பது எளிய வழி: நல்ல இடத்தில் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். உறுதிப்படுத்த அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

விரிசல் உறுதியானால் அடுத்த நடவடிக்கை பொருளைப் பொறுத்தது. எஃகில் விரிசலின் முனைவரை தேய்த்தெடுத்து, தேர்ந்தவரிடம் வெல்ட் செய்து, பிரேம் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்து மீண்டும் ஓட்டலாம். டைட்டானியத்தை உட்புற ஆர்கான் வசதி உள்ள இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். கார்பனில் சேதமடைந்த அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்து, அதே திசைகளில் புது நார் அடுக்கி ஒட்டும் பழுது வலிமையாகவே இருக்கும். ஹெட் டியூபிலும் பிவட் இருக்கைகளிலும் சேதம் என்றால் பழுது பார்க்காமல் விடுவதே முறை. அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் அன்றே கிடைத்துவிடும். ஆனால் முழுப் பிரேமுக்கும் மறுபடி சூடேற்றல் செய்யாவிட்டால் அந்த இடத்தின் வலிமை திரும்பாது. செய்தால் பிரேம் கோணிக்கொள்ளும், பேரிங் இருக்கைகள் அளவு மாறும். அதனால் விரிசல் விட்ட அலுமினிய டவுன்ஹில் பிரேம் ஓட்டத்திலிருந்து விலக்கப்படுகிறது.

பிரேமின் ஆயுளை ஆண்டுகளில் சொல்ல முடியாது; அது தாங்கிய அடிகளைப் பொறுத்தது. வாரன்டி உற்பத்திக் குறையை ஈடுசெய்யும், தேய்மானத்தை ஈடுசெய்யாது. ஓட்டுபவரின் எடை, இறங்கிய இறக்கங்கள், ஷாக் அடிமுட்டிய தடவைகள், கீழே விழுந்த தடவைகள் ஆகியவையே உண்மையான வயது. பழைய டவுன்ஹில் பிரேம் வாங்குபவர் தயாரிப்பு ஆண்டைக் கேட்பதற்கு முன் ஹெட் டியூபின் அடியையும், ஷாக் காதையும், பி.பி. ஷெல்லின் வெல்டிங்கையும் பார்ப்பது பயனுள்ளது.